மெயினை இறக்குவதற்கு முன்

அம்மிணி,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நீ போன் செய்து, கூட வேலை பார்க்கும் அந்தத் தூத்துக்குடிப் பையனைத்தான் கட்டிக்கொள்ள விரும்புகிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "சரி கண்ணு" என்றேன். "சரிங்களாப்பா?" என்று நீ திருப்பிக் கேட்டாய். "சரீங்கறேன்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து நீ மறுபடி போன் செய்து உன் அம்மாவிடம், "அப்பா நெசமாத்தான் சொன்னாருங்களா?" என்று கேட்டிருக்கிறாய். சாப்பாடு போடும்போது அவள் அதை என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து இன்று வெள்ளிக்கிழமை வரை எந்த நாற்காலியிலும் என்னால் முழுசாக உட்கார முடியவில்லை. கீழே உன் பெரியப்பாவின் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கும் செக்கிங்குக்கும் நடுவே காரணமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறேன். பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதும் தெரிகிறது.

கோபம் உன் மேல் இல்லை. நீ கேட்டது சரியான கேள்வி, அதுதான் கோபம். செவ்வாய்க்கிழமை காலையில் உன் பெரியப்பா என்னிடம் வந்தார். கொமரலிங்கத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறதாம், ஆற்றுப்பாசன வயல், பையன் உடுமலைப்பேட்டையில் வாத்தியார். "வர்ற தைக்கு முந்தி அவங்களை ஒருக்கா வந்து பாப்பாவைப் பாக்கச் சொல்லட்டுமா?" என்றார். நான் அவரிடமும் "சரீங்ணா" என்றேன். நம்ப முடிகிறதா உனக்கு? நம்புவாய். இருபத்திரண்டு வருஷமாக என்னைப் பார்க்கிறவள் நீ. என் வாயிலிருந்து வரும் 'சரி' எங்கே போய்ச் சேரும், எங்கே சேராது என்பது உனக்குத் தெரிந்த மாதிரி உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதை நீ கற்றுக்கொண்டது நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில். அதனால் இந்தக் கடிதத்தில் முதலில் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை நான் ஒட்டாமல் திறந்தே அனுப்புகிறேன். அந்தப் பையனும் படிக்கட்டும், அவன் வீட்டாரும் படிக்கட்டும். அவர்களுக்கு நம் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் அது வந்தது. காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் புதுசு வாங்கினார்கள், பழசை நான் எடுத்துக்கொண்டேன். கீழே கம்பெனியில் வைத்தால் பஞ்சுப் பிசிறு உள்ளே போய் அடைத்துவிடும் என்று மாடியில் நம் வீட்டு ஹாலில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தோம். உன் அம்மா கட்டிங் வேஸ்ட் துணியில் அதற்கு ஒரு உறை தைத்தாள். பாதிக் கை வைத்த பனியன் மாதிரியே இருந்தது. காலையில் அந்தப் பனியனைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், அது முதலில் தன் மெமரியைத் தானே எண்ணும். எண்ணி முடிக்கும் வரை நான் நின்றுகொண்டே இருப்பேன், நீ உட்கார்ந்திருப்பாய். "அப்பா, சித்த ஒக்காருங்க, எண்ணட்டும்" என்பாய். அதை நேற்றுத்தானே எண்ணியது, இன்றைக்கு எதற்கு மறுபடி எண்ணுகிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

விற்றவர் கூடவே சின்னச் சின்னப் புரோகிராம்கள் இருக்கிற ஃப்ளாப்பி ஒரு டப்பா நிறையக் கொடுத்திருந்தார். திரையின் மூலையில் மணி காட்ட ஒன்று, ஒரு பட்டனைத் தட்டினால் காலண்டர் குதிக்க ஒன்று, வைரஸைப் பிடிக்க ஒன்று, மவுஸுக்கு ஒன்று, பிரிண்டர் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க ஒன்று. எனக்கு எல்லாமே வேண்டும். மெஷினைப் போட்டதும் எல்லாம் தானாக வந்து நிற்க வேண்டும். ஸ்விட்ச் போட்டவுடன் என்னென்ன ஓட வேண்டும் என்று வரிசையாக எழுதி வைக்க அதில் ஒரு ஃபைல் உண்டு. ஆட்டோஎக்ஸெக் என்று நீ சொல்லிக் கொடுத்து நானும் சொல்லப் பழகினேன். நான் சொல்லச் சொல்ல நீ அதில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தாய். மணி வந்தது, காலண்டர் வந்தது, வேல் மாதிரி ஒரு படம்கூட வந்தது. கடைசியில் எதற்காக மெஷினை வாங்கினோமோ அந்தப் பேக்கிங் லிஸ்ட் புரோகிராமைத் திறந்தால், மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டது. நான் மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். நீ சிரித்துவிட்டு, "எல்லாத்தையும் வாசப்படியிலயே நிக்க வெச்சா உள்ளாற ஆளு எப்படிங்ப்பா போகும்?" என்று கேட்டாய்.

அப்புறம் ஒரு வாரம் நீ அந்த ஃபைலோடுதான் இருந்தாய். எதை முதலில் ஏற்றினால் இடம் மிஞ்சுகிறது, எதை மெமரியின் மேல்தட்டுக்குத் தூக்கி வைக்கலாம், எது இல்லாமல் முடியும் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்து ஏற்றினாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. காலண்டரை எடுத்துவிட்டாய் என்று கத்தினேன். நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அந்த வரியை நீ அழிக்கவே இல்லை. அதற்கு முன்னால் 'ரெம்' என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருந்தாய். வரி அப்படியே இருக்கும், மெஷின் அதைத் தாண்டிப் போய்விடும். "வேணுங்கறப்ப அந்த மூணெழுத்தை எடுத்துட்டாப் போதுமுங்க. அழிச்சுப்போட்டா அப்பறம் எப்படி எழுதியிருந்துதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றாய். இப்போதும் அந்த ஃபைல் அப்படியே இருக்கிறது. நேற்று திறந்து பார்த்தேன். காலண்டர் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கொஞ்சம் இரு. போர் மோட்டாரை நிறுத்தினேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். நிறுத்தித்தான் இருந்தது. உன் அம்மா, "ஒரு எடத்துல ஒக்காந்து எழுதினாத்தான் என்னவாமா" என்கிறாள்.

அடுத்தது டிஸ்க் கேஷ். அது எனக்கே புரிந்தது. டிஸ்க்கிலிருந்து அடிக்கடி எடுக்கிற விஷயத்தை மெமரியிலேயே கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும், உன் அம்மா ரசப்பொடி டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற மாதிரி. ஒரே ஆர்டரை நான் பத்துத் தடவை திறந்து பார்க்கிறவன், அதனால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. திறப்பது வேகமானதும் சேவ் செய்வது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். சேவ் கொடுத்தால் அந்தச் சின்ன விளக்கு மினுக் மினுக் என்று எரியும், நான் மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பேன். நீ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாய்: "எழுதறதையும் கேஷ்ல போடலாமுங்க. நாம சேவ் குடுத்தா அது மெமரியிலயே வாங்கி வெச்சுக்கிட்டு, முடிஞ்சுதுன்னு சொல்லீரும். அப்பறம் நேரம் கெடைக்கறப்ப டிஸ்க்ல எழுதிக்கும். ஆனா அதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா போனதுதாங்க." நான் "போடு" என்றேன். நீ போட்டாய். சேவ் கொடுத்ததும் சட்டென்று முடிந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் உனக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தேன்.

நம் வீட்டு மெயின் ஸ்விட்ச் வழக்கத்தை அந்தப் பையனுக்காக எழுதுகிறேன். பக்கத்து ஷெட்டில் ஒரு தடவை பனியன் வேஸ்ட்டில் பொறி விழுந்து எல்லாம் எரிந்துபோனது. அதை நேரில் பார்த்த பிறகு உன் பெரியப்பா யாரையும் நம்புவதில்லை. சாயங்காலம் ஆட்கள் போனதும் பெல் அடித்துவிட்டு, படிக்கட்டில் நின்று மேலே பார்த்து, "மெயின் எறக்கறேன்" என்று குரல் கொடுப்பார். நான் "சரீங்ணா" என்பேன். கம்பெனிக்கும் வீட்டுக்கும் ஒரே சர்வீஸ், அதனால் மாடியிலும் இருட்டாகிவிடும். அந்த இருட்டில் அவர் கீழே கம்பெனி முழுக்க மெதுவாக நடந்து, ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் நின்று மோந்து பார்ப்பார். கருகல் வாசம் எதுவும் இல்லையென்று மனசுக்குத் தெரிந்த பிறகுதான் வீட்டுக்காக மெயினைத் திரும்ப ஏற்றுவார். வெளிச்சம் இருந்தால் மூக்கு வேலை செய்யாது என்பது அவர் கட்சி. நம் வீட்டில் எல்லோருக்கும் இது பழக்கம். கரண்ட் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும், அதனால் பெல் அடித்ததும் நான் சேவ் கொடுத்துவிடுவேன். வேறு எங்கேயாவது திடீரென்று கரண்ட் போனால் பயப்படுவார்கள். நாங்கள் பயப்படவே இல்லை, அதுதான் தப்பாகிப்போனது.

அன்றைக்கு ஒரு ஷிப்மென்ட் பேக்கிங் முடிந்திருந்தது. எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை உருப்படி என்று நீதான் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து அடித்தாய். காகிதத்தில் குறித்துக்கொடுத்த துண்டுகளை அடித்து முடித்ததும் கசக்கிப் போட்டுவிட்டோம், கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே என்று. பெல் அடித்தது. நான் சேவ் கொடுத்தேன், முடிந்தது என்று வந்தது. கீழிருந்து "மெயின் எறக்கறேன்" என்றார். நீ நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "அப்பா, சித்த இருக்கச் சொல்லுங்க" என்றாய். அதற்குள் என் வாயிலிருந்து "சரீங்ணா" போய்விட்டது. மெயின் ஏறிய பிறகு திறந்து பார்த்தால் அந்த ஃபைலில் பாதி இல்லை, இருந்த பாதியும் குழம்பிக் கிடந்தது. மறுநாள் காலை தூத்துக்குடி ஹார்பருக்கு லாரி. பட்டை போட்டு இறுக்கிய பெட்டிகளை மறுபடி அறுத்து, தரையில் கொட்டி, நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்து எண்ணினோம். உன் பெரியப்பா யார் இதைச் செய்தது என்று கேட்டதும், நான் வாயைத் திறக்கும் முன்பே நீ, "நாந்தானுங் பெரியப்பா. நாந்தான் அப்படிப் போட்டு வெச்சேன்" என்றாய். அவர் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணிக்கொண்டே, "முடிஞ்சுதுன்னு சொல்லுச்சு, ஆனா முடியல. அப்படித்தானே பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நீ எழுதுகிற கேஷை எடுத்துவிட்டு, படிக்கிறதை மட்டும் வைத்தாய். நான், "வேகம் கொறையுமா?" என்றேன். "கொறையுமுங்க. ஆனா முடிஞ்சுதுன்னு சொன்னா முடிஞ்சிருக்கும்" என்றாய். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சின்ன ஃபைலும் எழுதினாய். 'முடி' என்று அடித்தால் பாக்கி ஏதாவது இருந்தால் எழுதிவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் 'இப்ப மெயின் எறக்கலாம்' என்று திரையில் போடும். அதற்குப் பிறகுதான் உன் பெரியப்பாவின் குரல் மாறியது. "எறக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், படிக்கட்டில் நின்று, "பாப்பா, எறக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். நீ திரையைப் பார்த்துவிட்டு, "எறக்கலாமுங் பெரியப்பா" என்று சொல்லும் வரை கையை ஸ்விட்சில் வைத்தபடி நிற்பார். நீ காலேஜுக்குப் போகும் வரை தினமும் இது நடந்தது. அவர் இன்னொருத்தரிடம் அனுமதி கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இங்கே வரை மத்தியானம் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் கடிதம் நன்றாகத்தான் இருந்தது. உனக்கு அறிவுரை சொல்லி, நிஜமாகவே சரிதான் கண்ணு என்று ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அதுவும் இன்னொரு 'சரி'தானே என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், ஒரு தடவை திரும்பியும்விட்டேன். டீக்கடை வரை வந்து மறுபடி போனேன்.

அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமலேயே, "அண்ணா, கொமரலிங்கத்துக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லீருங்க" என்றேன்.

"ஏம்ப்பா? செவ்வாக்கெழமை சரீன்னயே."

"பாப்பா அங்க ஒரு பையனைப் பாத்திருக்குதுங்க. தூத்துக்குடிப் பக்கம். நம்ம ஆளுங்க இல்லீங்க. நான் சரீன்னு சொல்லீட்டேனுங்."

"எப்பச் சொன்னே?"

"ஞாயித்துக்கெழமைங்ணா."

அவர் செய்தித்தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "ஞாயித்துக்கெழமை அங்க ஒரு சரி. செவ்வாக்கெழமை எங்கிட்ட ஒரு சரி. இப்பச் சொல்றது எந்தச் சரி?"

"மொதல்ல சொன்னதுங்க. அதுதானுங். ஊருக்கே சொல்லுவேனுங்ணா. நானே சொல்லுவேன்."

அம்மிணி, நாற்பது வருஷமாக அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லாதவன் நான். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லது. பெரியம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது. உன் பெரியப்பா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "நம்ம பெட்டியெல்லாம் போற ஊருக்கே பொண்ணையும் அனுப்பறயாக்கும்" என்றார். சிரிப்பில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தெனமும் படியில நின்னு அவகிட்டக் கேட்டேன். எறக்கலாமான்னு. அவ ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கோணும்னு தோணலயா அவளுக்கு?"

கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போதும் ஒரு காலை ஆட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. உன்னைக் கொமரலிங்கத்தில் கொடுத்தால் நினைத்தபோது பஸ் ஏறி வந்து பார்க்கலாம் என்று ஒரு ஆசை இருந்தது. அந்த வருத்தத்தோடுதான் சரி என்கிறேன், வருத்தம் தீர்ந்த பிறகு சொல்ல வேண்டுமென்றால் உனக்கு வயசாகிவிடும். அந்தப் பையனிடம் சொல், மாமனார் பொறுமை இல்லாத ஆள், எதற்கும் உடனே தலையாட்டிவிடுவார், ஆனால் இந்த ஒரு விஷயத்தை வாயால் சொன்னதோடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று. நீங்கள் இரண்டு பேரும் குடித்தனம் வைக்கும்போது வாசப்படியில் எல்லாவற்றையும் நிற்க வைக்காதீர்கள். அவன் வீட்டு வழக்கம், நம் வீட்டு வழக்கம் எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்றினால் உங்களுக்கு நடக்க இடம் இருக்காது. உன் பெரியப்பா கல்யாணத்துக்கு வராமல் போனாலும் அவருடைய வரியை அழித்துவிடாதே. முன்னால் மூன்று எழுத்துப் போட்டு வை, அது நீ எனக்குக் காட்டியதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அவரிடம் நீ கேள். நான் முடிவு செய்துவிட்டேன் பெரியப்பா என்று சொல்லாதே, "பண்ணிக்கலாமுங்களா பெரியப்பா?" என்று கேள். உனக்கு அவர் அனுமதி வேண்டாம் என்பது அவருக்கும் தெரியும். உன் அனுமதியும்தான் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, அவர் கம்பெனி, அவர் ஸ்விட்ச். இருந்தும் படியில் நின்று கேட்டார். அவர் என்னைப் போல உடனே சரி என்று சொல்லமாட்டார். போனில் சத்தமே வராது. வைத்துவிடாதே. எஸ்டிடி காசு ஓடினால் ஓடட்டும், அவர் மனசில் எழுதி முடிக்கும் வரை காத்திரு.

என்னுடையது எழுதியாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்யாதே, அவருக்குச் செய்.

அப்பா